63 பெரிதா, 80 பெரிதா?

தாளவாடி மலைப்பகுதியில் விளையும் முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் சத்தியமங்கலம் வந்து சேர வேண்டுமானால், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கியாக வேண்டும். தோட்டத்துக்கு வேண்டிய உரமும், மாட்டுக்கு வேண்டிய தவிடும் புண்ணாக்கும் அதே 27 வளைவுகளில் ஏறியாக வேண்டும். புலிகள் காப்பகத்தின் நடுவே போகும் சாலை அது. பொழுது சாய்ந்தால் யானை ரோட்டுக்கு வரும். இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. அங்கே வண்டி நின்றுபோனால், ரிப்பேர் செலவோடு முடிகிற காரியம் அல்ல.

அந்த மலைமேல் மூன்றரை ஏக்கர் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் அப்பாவும் மகனும் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சொத்துத் தகராறு எதுவும் இல்லை. கடனில் வாங்கிய ஒரு வண்டிதான் காரணம்.

பழைய வண்டி, புது வண்டி

அவர்கள் வீட்டில் 12 வருடமாக ஒரு டீசல் பிக்கப் இருந்தது. மூட்டை ஏற்றவும், கல்யாணம் காட்சிக்குப் போகவும், ராத்திரியில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடவும் அது ஒன்றுதான். தரைத்தகடு துருப்பிடித்து, எஃப்.சி. எடுக்கும் செலவு வண்டியின் விலையைத் தொடப் போகிறது என்றானபோது, மனசில்லாமல் விற்றார்கள்.

அடுத்த வண்டியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மகனுக்கு வந்தது. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து போகிற மாதிரியும் இருக்க வேண்டும், பின்னால் மூட்டையும் ஏற்ற வேண்டும் என்று ஒரு பெட்ரோல் வேனைப் பார்த்தான். ஷோரூமில் கொடுத்த தாளில் 80 குதிரைத்திறன் என்று போட்டிருந்தது. பழைய பிக்கப்பின் புத்தகத்தில் இருந்தது 63.

"அப்பா, அது 63 எச்.பி., இது 80 எச்.பி. பழைய வண்டியைவிட நல்லா இழுக்குமுங்க."

பெரியவருக்கும் அது சரியாகத்தான் பட்டது. கிணற்று மோட்டாரில் 5 எச்.பி.யைவிட 7.5 எச்.பி. பெரியது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. ஐந்து வருடக் கடன், மாதா மாதம் தவணை. பூஜை போட்டு, பண்ணாரி அம்மன் கோயிலுக்குப் போய் வந்தார்கள்.

முதல் இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. கீழே போகும்போது காய், மேலே வரும்போது வெறும் வண்டி. மூன்றாவது வாரம், காம்ப்ளக்ஸ் உரம் ஆறு மூட்டை, தவிடு நாலு மூட்டை ஏற்றிக்கொண்டு, அப்பா, அம்மா, மகன் மூன்று பேருமாகத் திரும்பினார்கள். மகன் ஓட்டினான். பக்கத்தில் அப்பா.

பெரியவர் 30 வருடமாக டீசல் வண்டி ஓட்டியவர். அவர் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான்: வண்டி கத்தக் கூடாது. கத்தினால் எண்ணெய் போகும், இன்ஜின் தேயும். முடிந்தவரை மேல் கியரிலேயே இழு. பழைய பிக்கப்பில் அந்தப் பாடம் ஒருநாளும் பொய்த்ததில்லை. மூன்றாவது கியரில் உறுமிக்கொண்டே மேலே வந்துவிடும்.

வேன் அப்படி வரவில்லை. பன்னிரண்டாவது வளைவில் இடது பக்கம் திரும்பும்போது மூன்றாவது கியரில் திணறியது. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தும் வேகம் ஏறவில்லை. அவசரமாக இரண்டாவது கியருக்கு மாற்றினான். அதற்குள் வேகம் செத்துவிட்டது. ஒரு உதறல், நின்றுவிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தும் வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது. அம்மா கதவைத் திறந்து குதித்து, ஓரத்தில் கிடந்த கல்லைத் தூக்கிப் பின் சக்கரத்துக்கு அடியில் போட்டார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி நின்றது. கிளட்ச் கருகும் வாடை மூக்கில் ஏறியது.

அன்றைக்கு மூன்று இடத்தில் நின்று, மூன்று முறை கல் வைத்து, ஆசனூர் தாண்டும்போது இருட்டிவிட்டது. அதற்கடுத்த வாரமும் அதே கதை. இரண்டாவது முறை கிளட்ச் பிளேட்டே போய்விட்டது. வேறொரு வண்டியில் கயிறு கட்டித்தான் கொண்டுவந்தார்கள்.

அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. "பேருதான் 80. தாள்ல பொய் எழுதி வித்துப்போட்டானுங்க."

மகன் திருப்பிக் கேட்டான். "நீங்க சொன்ன மாதிரி ஓட்டித்தானே நின்னுச்சு?"

அம்மாவின் கவலை வேறு. இப்போதே விற்றால் எவ்வளவு கிடைக்கும்? கட்டிய முன்பணம் போனது போனதுதானா? ராகி விற்ற காசும், இரண்டு கன்றுக்குட்டி விற்ற காசும் அந்த முன்பணத்தில் இருந்தன.

ஸ்பேனரும் இரும்புக் குழாயும்

கிளட்ச் மாற்ற வண்டி சத்தியமங்கலத்தில் ஒரு சின்ன ஒர்க்ஷாப்புக்கு வந்தது. அதன் மெக்கானிக், அரசுப் பஸ் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலைப்பாதை பஸ்களைப் பல வருடம் பார்த்த கை. எரிந்த பிளேட்டை வெளியே எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "வண்டி மேல தப்பில்லீங்க" என்றார்.

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்புறம் 63 ஏறின மலைய 80 ஏறலைன்னா என்னங்கண்ணா அர்த்தம்?"

மெக்கானிக் பதில் சொல்லவில்லை. வீல் நட் கழற்றும் ஸ்பேனரை எடுத்து மகன் கையில் கொடுத்தார். நட் அசையவில்லை. ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாயைச் சொருகி, "இப்ப அழுத்து கண்ணு" என்றார். ஒரு கையால் அழுத்தினான், திரும்பிவிட்டது.

"உன் பலம் கூடலை. பிடி நீளமாச்சு, திருகுற விசை கூடிருச்சு. இந்தத் திருகுற விசைக்குத்தான் டார்க்குன்னு பேரு."

தமிழ்ப் பாடப்புத்தகங்கள் அதைத் திருப்புவிசை, முறுக்குவிசை என்கின்றன. ஒரு மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு திருகுமோ, அது சுமார் 98 நியூட்டன் மீட்டர். அந்த வேனின் இன்ஜின் அதிகபட்சமாகத் தரும் திருப்புவிசை 104 நியூட்டன் மீட்டர். அதாவது, ஒரு மீட்டர் குழாயின் நுனியைப் பத்தரைக் கிலோ அழுத்தத்தில் பிடித்தால் கிடைக்கும் விசை. பழைய பிக்கப்புக்கு 195. ஏறக்குறைய 20 கிலோ.

"அவ்வளவுதானா? பத்துக் கிலோன்னா நானே அழுத்துவேனே" என்றார் அம்மா.

"அழுத்துவீங்க அம்மிணி. ஆனா ஒரு நிமிஷத்துக்கு 3,000 சுத்து சுத்த முடியுமா?"

அந்தக் கேள்வியில்தான் குதிரைத்திறன் உள்ளே வருகிறது.

கவலை இறைத்த கணக்கு

அம்மா பிறந்த ஊர் கோபிப் பக்கம். சின்ன வயதில் அவர் அப்பா கவலை இறைத்ததைப் பார்த்தவர். மெக்கானிக் அதையே எடுத்துக்கொண்டார்.

கவலையில் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, சால் எவ்வளவு பெரியது. அந்த எடையை மாடு அசைத்துத் தூக்கியாக வேண்டும். இன்னொன்று, ஒரு மணி நேரத்தில் எத்தனை சால். பெரிய சாலை மெதுவாக இழுக்கும் காங்கேயம் ஜோடியும், சின்னச் சாலை வேகமாக இழுக்கும் இன்னொரு ஜோடியும் பொழுது முடியும்போது ஒரே அளவு தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சியிருக்கலாம். வேலையின் மொத்தம் ஒன்றுதான், செய்த விதம்தான் வேறு.

சாலின் எடையைத் தூக்கும் பலம் டார்க் மாதிரி. இத்தனை நேரத்தில் இவ்வளவு தண்ணீர் என்ற கணக்கு குதிரைத்திறன் மாதிரி. குதிரைத்திறன் என்ற அளவே இப்படிப் பிறந்ததுதான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், நீராவி இன்ஜினைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட், தன் இன்ஜின் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று வாங்குகிறவர்களுக்குப் புரியவைக்க இந்த அளவைக் கொண்டுவந்தார். இன்றைய மெட்ரிக் கணக்கில், 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் ஒரு குதிரைத்திறன்.

இன்ஜினில் இரண்டுக்கும் உள்ள உறவு ஒரு எளிய பெருக்கல். திருப்புவிசையை நிமிடச் சுற்றால் பெருக்கி, சுமார் 7,000 ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வந்துவிடும். மெக்கானிக் சாக்பீஸை எடுத்து, சிமென்ட் தரையில் எழுதினார்.

"இந்த வேன் 80 எச்.பி. கொடுக்குறது எப்ப தெரியுமா? 6,000 சுத்துல. நீ மலைல எத்தனை சுத்துல ஓட்டின?"

மகனுக்குத் தெரியவில்லை. அவன் சொன்ன வேகத்தையும் கியரையும் வைத்து மெக்கானிக்கே சொன்னார்: 1,500 இருக்கும். பிறகு இரண்டு வண்டியையும் 1,500 சுற்றில் நிறுத்தி வைத்துக் கணக்குப் போட்டார்.

பழைய டீசல் பிக்கப் தன் முழு விசையான 195ஐ 1,400 சுற்றிலேயே தொட்டுவிடும். 195 பெருக்கல் 1,500, வகுத்தல் 7,000. விடை சுமார் 42 குதிரைத்திறன்.

பெட்ரோல் வேன் தன் 104ஐத் தொடுவது 3,000 சுற்றில். 1,500 சுற்றில் அதற்கும் குறைவாகத்தான் இருக்கும். தாராளமாக 90 என்றே வைத்துக்கொண்டாலும், 90 பெருக்கல் 1,500, வகுத்தல் 7,000. விடை சுமார் 19.

பெரியவர் குனிந்து அந்த இரண்டு எண்களையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பழக்கப்பட்ட சுற்றில், அந்த 63 என்பது 42. புதிதாக வாங்கிய 80 என்பது 19.

தாளில் யாரும் பொய் எழுதவில்லை. 80 என்பது உண்மை. ஆனால் அது 6,000 சுற்றில் மட்டுமே உண்மை. அன்றாடம் தோட்டத்துக்கும் சந்தைக்கும் போகிற வண்டி அந்தச் சுற்றுக்குப் போவதே அபூர்வம்.

ஏன் இந்த வித்தியாசம்?

டீசல் இன்ஜினுக்குள் காற்று மிக அதிகமாக அழுத்தப்படுகிறது. டர்போ இருந்தால் இன்னும் காற்று திணிக்கப்படுகிறது. அதனால் ஒவ்வொரு அடியும் பலமான அடி. அந்த அடியைத் தாங்கப் பாகங்களைக் கனமாகச் செய்கிறார்கள். கனமான பாகங்களால் மிக வேகமாகச் சுற்ற முடியாது. பழைய பிக்கப்பின் இன்ஜின் 2,500 சி.சி., வேனின் இன்ஜின் 1,200 சி.சி. என்பதும் சேர்ந்துகொள்கிறது. சின்ன பெட்ரோல் இன்ஜினின் ஒவ்வொரு அடியும் சிறியது, ஆனால் நிறைய அடிகள் அடிக்கும். சின்னச் சால், வேகமான மாடு. அதை மெதுவாக நடக்கவிட்டால் தண்ணீர் வராது.

அப்படியானால் வேன் மலை ஏறவே ஏறாதா? ஏறும். அதற்காகத்தான் கியர் இருக்கிறது.

கியர் என்பது ஸ்பேனரில் சொருகிய குழாய். இன்ஜினின் திருப்புவிசையைப் பெருக்கிச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. அந்த வேனில் எல்லாப் பற்சக்கரங்களையும் சேர்த்துப் பார்த்தால், முதல் கியர் சுமார் 15 மடங்கு, இரண்டாவது 9 மடங்கு, மூன்றாவது 6 மடங்கு பெருக்கும்.

அன்றைக்கு வண்டி, மூட்டை, ஆட்கள் எல்லாம் சேர்த்து 1,600 கிலோ. 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயரும் ஏற்றத்தில், அந்த எடையை மேலே தள்ள 128 கிலோ விசை வேண்டும். டயர் உருள்வதற்கு இன்னும் ஒரு 20, 25 கிலோ. மொத்தம் 150. கொண்டை ஊசி வளைவின் உள்ஓரம் இன்னும் செங்குத்து. இடது பக்கம் திரும்பும் வளைவில் நம் ஊர் வண்டி அந்த உள்ஓரத்தில்தான் போக வேண்டும். அங்கே 100 மீட்டருக்கு 14 மீட்டர் ஏற்றம் என்று வைத்தால், வேண்டிய விசை 250 கிலோவுக்குப் போய்விடுகிறது. டயரின் மையத்திலிருந்து ரோடு வரை 28 சென்டிமீட்டர். ஆகவே, சக்கரத்தைத் திருப்ப, ஒரு மீட்டர் குழாயின் நுனியில் 70 கிலோ தொங்குகிற அளவு விசை தேவை.

1,500 சுற்றில் இன்ஜின் தருவது அதே கணக்கில் 9 கிலோ. மூன்றாவது கியரில் 6 மடங்கு, 54. போதாது. இரண்டாவது கியரில் 9 மடங்கு, 81. பற்சக்கரங்களின் உராய்வில் கொஞ்சம் போய்விடும் என்பதால் அதுவும் இழுபறிதான். முதல் கியரில் 15 மடங்கு, 135. தாராளம்.

பன்னிரண்டாவது வளைவில் நடந்தது முழுவதும் இந்த நாலு வரிக் கணக்கில் இருந்தது.

"கத்தட்டும் விடுங்க"

பெரியவருக்கு இன்னும் ஒரு தயக்கம் இருந்தது. "முதல் கியர்ல போட்டு மலை முழுக்கக் கத்த விட்டா, இன்ஜின் என்னத்துக்கு ஆகுங்கண்ணா?"

மெக்கானிக் சிரித்தார். "6,000 சுத்து சுத்தறதுக்குச் செஞ்ச இன்ஜினுங்க. 3,000ல அதுக்கு மூச்சுகூட வாங்காது. மாத்தி, 1,500ல போட்டு முழுசா மிதிக்கிறீங்களே, அதுதான் அதுக்கு வேதனை."

அது உண்மை. குறைந்த சுற்றில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் இன்ஜின் உதறும், சூடாகும், 'டக் டக்' என்று தட்டும் சத்தம் கேட்கும். வளைவில் நின்றுவிடாமல் இருக்க ஓட்டுநர் கிளட்ச்சைப் பாதி மிதித்தே வைத்திருப்பார். அந்தச் சில நிமிடங்களில் பிளேட் உரசி உரசிக் கருகும். எண்ணெய் மிச்சப்படுத்துவதாக நினைத்து, கிளட்ச் செலவை வாங்கிக்கொள்வதுதான் நடக்கிறது.

அந்த வேனில் சுற்று காட்டும் மீட்டர் கிடையாது. அதனால் மெக்கானிக் வேகத்தை வைத்தே ஒரு கணக்குச் சொன்னார். மலையில், சுமையோடு, வேகம் 40க்குக் கீழே வந்தால் மூன்றாவது கியர் வேண்டாம். 25க்குக் கீழே வந்தால் இரண்டாவது வேண்டாம். கொண்டை ஊசி வளைவுக்கு 20 மீட்டர் முன்பே முதல் கியருக்கு வந்துவிட வேண்டும். திணற ஆரம்பித்த பிறகு கியர் மாற்றினால், மாற்றும் அந்த ஒரு விநாடியில் இருக்கிற வேகமும் போய்விடும். இந்த எண்கள் அந்த வேனுக்கு உரியவை. வேறு வண்டிக்கு வேறு எண் வரும். ஆனால் கணக்கு ஒன்றுதான்.

கிளம்பும் நேரத்தில் மெக்கானிக் ஒரு கேள்வி கேட்டார். "இறங்கும்போது எப்படி வர்றீங்க?"

மகன் அப்பாவைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "சில இடத்துல நியூட்ரல் போட்டு விட்டுருவேனுங்க. பெட்ரோல் மிச்சம் ஆகும்னு."

அதுவரை சாந்தமாகப் பேசிய மனிதர் எழுந்து நின்றுவிட்டார். ஏறும்போது நின்றால் கல் வைக்கலாம். முட்டைக்கோஸ் மூட்டையோடு இறங்கும்போது பிரேக் போனால் வைப்பதற்குக் கல் கிடையாது. கியரில் இருக்கும் வரை இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். நியூட்ரலில் அந்தப் பிடி முழுவதும் அறுந்து, எல்லா எடையும் பிரேக்கின் மேல் விழும். தொடர்ந்து மிதிக்க மிதிக்கப் பிரேக் சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போகும். பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் வெறுமனே கீழே இறங்கிவிடும். சாவியை அணைத்துவிட்டு இறங்குகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து: இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி விசையும் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும்.

மிச்சம் என்பதும் பொய்க்கணக்கு. இன்றைய பெட்ரோல் வண்டிகளில், கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இறக்கத்தில் பெட்ரோல் வருவதையே இன்ஜின் நிறுத்திக்கொள்கிறது. நியூட்ரலில் போட்டால்தான், அணையாமல் இருப்பதற்காகக் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும்.

"எந்தக் கியர்ல ஏறுவியோ, அதே கியர்ல இறங்கு. மலைக்காரனுக்கு அதுதான் சட்டம்" என்றார் மெக்கானிக்.

டிராக்டருக்கும் இதே கணக்கு

டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை எச்.பி. என்றுதான். அது தவறில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. 20 குதிரைத்திறன் உள்ள மோட்டார் சைக்கிள் இருக்கிறது, 20 குதிரைத்திறன் உள்ள மினி டிராக்டரும் இருக்கிறது. மோட்டார் சைக்கிளைக் கலப்பையில் கட்ட யாரும் நினைப்பதில்லை. 8,500 சுற்றில் 20 குதிரைத்திறன் தரும் இன்ஜினின் திருப்புவிசை அந்த இடத்தில் 16 நியூட்டன் மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதே 20ஐ 2,000 சுற்றில் தரும் இன்ஜினுக்கு அது 70.

உழவில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கலப்பை இறுகிய மண்ணில் மாட்டினால் இன்ஜினின் சுற்று இறங்கும். சுற்று இறங்க இறங்கத் திருப்புவிசை கூடுகிற இன்ஜின், ஓட்டுநர் கியரைத் தொடாமலேயே அந்த இடத்தைத் தாண்டிவிடும். இப்படிக் கூடுகிற அளவுக்கு விற்பனையாளர்கள் 'டார்க் பேக்கப்' என்று பெயர் சொல்வார்கள். ஒரே எச்.பி. உள்ள இரண்டு டிராக்டர்களில் ஒன்று திணறி நிற்பதும் இன்னொன்று முனகிக்கொண்டே போவதும் பெரும்பாலும் இதனால்தான். ரோட்டவேட்டர், பவர் ஸ்பிரேயர் ஓட்டுகிறவர்கள், இன்ஜின் எச்.பி.யோடு பி.டி.ஓ. எச்.பி.யையும் கேட்க வேண்டும். கருவிக்குப் போய்ச் சேருவது அதுதான். இன்ஜின் எச்.பி.யைவிட அது குறைவாகவே இருக்கும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

* எத்தனை குதிரைத்திறன் என்பதோடு, எத்தனை சுற்றில் என்று கேளுங்கள்.
* டார்க் எத்தனை நியூட்டன் மீட்டர், அது எந்தச் சுற்றில் தொடங்கி எந்தச் சுற்று வரை கிடைக்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு சுற்றில் வந்து போவதைவிட, '1,400 முதல் 2,200 வரை' என்று அகலமாகக் கிடைப்பது சுமை வண்டிக்கு நல்லது.
* இரண்டு வண்டியை ஒப்பிடும்போது, நீங்கள் வழக்கமாக ஓட்டும் சுற்றில் வைத்து ஒப்பிடுங்கள். திருப்புவிசை பெருக்கல் சுற்று, வகுத்தல் 7,000.
* வெறும் வண்டியைச் சமதரையில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் ஏற்றப்போகும் சுமையோடு, உங்கள் ஊர் ஏற்றத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.
* டீசலிலிருந்து பெட்ரோலுக்கோ, பெட்ரோலிலிருந்து டீசலுக்கோ மாறினால், கியர் மாற்றும் பழக்கத்தையும் மாற்ற வேண்டும். வீட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள்.
* அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றாதீர்கள். அந்த அளவு இழுப்பதற்கு மட்டும் போட்டது இல்லை, பிரேக் பிடிப்பதற்கும் சேர்த்துப் போட்டது.

மறுபடி பன்னிரண்டாவது வளைவு

புது கிளட்ச் போட்ட அன்று வண்டி வெறுமனே திரும்பவில்லை. மெக்கானிக்கே தவிடு மூட்டை ஏற்றிக்கொண்டு போகச் சொன்னார். சாவியை மகனிடம் கொடுக்காமல் பெரியவரே வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

பண்ணாரி தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அவர் கை பழக்கத்தில் மூன்றாவது கியருக்குப் போகப் பார்த்தது. மகன் ஒன்றும் சொல்லவில்லை. அவரே கையை எடுத்துக்கொண்டார். பன்னிரண்டாவது வளைவுக்கு முன்னால் முதல் கியருக்கு வந்தார். இன்ஜின் கத்தியது. 30 வருடமாக அந்தச் சத்தம் கேட்டால் காலை எடுத்துவிடும் மனிதர், இந்த முறை காலை எடுக்கவில்லை. வண்டி இடது பக்கம் வளைந்து, நிற்காமல் ஏறியது. பின்சீட்டில் அம்மாவின் கால்மாட்டில், துணியில் சுற்றிய கல் ஒன்று இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அவர் கொண்டுவந்தது. அன்றைக்கு அதை எடுக்க வேண்டி வரவில்லை.

திம்பம் வந்ததும் டீ குடிக்க நிறுத்தினார்கள். பெரியவர் வண்டியின் முன்பக்கம் போய்ச் சூடு எப்படி இருக்கிறது என்று கை வைத்துப் பார்த்தார். மகன் பக்கத்தில் வந்து நின்றான்.

"நான் சொல்லிக்குடுத்தது தப்பில்லடா. அது அந்த வண்டிக்கு" என்றார்.

"நானும் அந்த ஒரு நம்பரத்தான் பார்த்தேனுங்கப்பா" என்றான் மகன்.

வேனை அவர்கள் விற்கவில்லை. ஐநூறு கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை. அறுவடை நேரத்தில் காய் அதிகமானால், பக்கத்துத் தோட்டத்துக்காரரின் டீசல் வண்டியில் வாடகை கொடுத்து அனுப்புகிறார்கள். தவணை இன்னும் மூன்றரை வருடம் இருக்கிறது. அடுத்த வண்டி வாங்கும்போது எதைக் கேட்க வேண்டும் என்பதை மகன் ஷோரூம் கொடுத்த அதே தாளின் பின்பக்கத்தில் எழுதி, வண்டிப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறான். கல் மட்டும் இன்னும் பின்சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. அம்மா அதை எடுக்க விடுவதில்லை.